பதினொன்றாம் எண் சீட்டு

சாம்பெலாட், 2 ஜூலை 1922

ஒனோரே,

என் மகன் லெயோன்ஸ் புறமுதுகு காட்டினான் என்று நீ எழுதிக் கொடுத்திருக்கிறாய். இதுதான் நீ செய்த அநியாயம். ஏழு வருஷமாக எழுதாதவன் இப்போது எதற்கு எழுதுகிறான் என்று நீ குழம்பக் கூடாது என்பதற்காக முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 24 ஞாயிற்றுக்கிழமை எங்கள் நினைவுக்கல்லைத் திறக்கிறார்கள். இருபத்து மூன்று பெயர்கள். கல்லைக் குவாரியிலிருந்து என் மாடுகள்தான் இழுத்து வந்தன. விழாவில் பேசுவதற்காக மேயர் பாரிஸுக்கு எழுதி, நம் ரெஜிமென்ட் பற்றிய விவரம் கேட்டிருந்தார். ஒரு பக்கம் நகலெடுத்து அனுப்பியிருக்கிறார்கள். 1915 செப்டம்பர் 27 தேதியிட்ட அறிக்கை, கீழே உன் பெயர். 'ரெஜிமென்ட் மனம் தளர்ந்து, கம்பிவேலியை எட்டும் முன்பே திரும்பியது.' மேயர் அதை என்னிடம் காட்டிவிட்டுத் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே நின்றார். "இதை நான் படிக்க மாட்டேன் கஸ்பார், பயப்படாதே"ன்னார். நான் பயப்படவில்லை.

என் மகன் கம்பிவேலியை எட்டினான். அதிலேயே நான்கு நாள் தொங்கினான். மழைக்குப் பிறகுதான் இறக்கினார்கள்.

விழாவுக்குத் தலைமை தாங்க மேயர் உன்னை அழைத்திருக்கிறாராம். நீ வருவதற்கு முன் அந்த வரியை எடுத்துவிட்டு வா. எடுக்கவில்லை என்றால் வராதே.

கஸ்பார்


லிமோஜ், 11 ஜூலை 1922

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடிதம் கிடைத்தது. இரண்டு பக்கம் பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். இது மூன்றாவது.

படைத் தளபதியின் அறிக்கை என்பது சாகுபடிக் கணக்கு அல்ல, நினைத்தபோது அழித்து எழுத. அது போய்ச் சேர்ந்துவிட்டது. அதைப் படித்தவர்களில் பாதிப் பேர் இறந்துவிட்டார்கள். இறக்காதவர்களுக்கு அது நினைவில் இருக்காது. அந்த ஒரு தாளைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் லெயோன்ஸ் நாட்டுக்காக மாண்டவன். கல்லிலும் அப்படித்தான் இருக்கும். அது போதாதா?

உடம்பு சரியில்லை. மாடிப்படியில் நான்கு படிக்கு ஒரு முறை நின்று மூச்சு வாங்குகிறேன். மேயருக்கு இன்னும் பதில் போடவில்லை. ஃபிலோமின் அண்ணிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

ஒனோரே


சாம்பெலாட், 23 ஜூலை 1922

ஒனோரே,

என்னை 'நீங்கள்' என்று எழுதாதே. நீ மாவட்ட அதிகாரிக்கு எழுதவில்லை. நானும் நீயும் பன்னிரண்டு வயதுவரை ஒரே கம்பளியில் படுத்தவர்கள்.

நான் பள்ளிக்கூடம் போகாதவன். உனக்கும் எனக்கும் எழுத்து சொல்லிக் கொடுத்தது பஞ்சாங்கமும் பாதிரியாரின் பழைய செய்தித்தாளும்தான். நீ பட்டாளத்தில் போய் மீதியைக் கற்றாய். நான் உன் கடிதங்களைப் படித்து மீதியைக் கற்றேன். அதனால் ஒரு வரி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் நினைவில்லை என்கிறாய். நான் படித்துவிட்டேன். ஃபிலோமின் படித்துவிட்டாள். அதற்குமேல் யார் படிக்க வேண்டும்?

உன்னைப் பற்றி இந்த ஊர் எவ்வளவு பெருமைப்பட்டது தெரியுமா? சார்ஜென்ட் ஆனாய் என்று கடிதம் வந்தபோது அம்மா அதை மாவுப் பெட்டிக்குள் வைத்தாள், எலி கடிக்காமல். சீனத்துப் பக்கம் டொங்கினிலிருந்து ஒரு தகர டப்பாவில் தேயிலை அனுப்பினாய். எப்படிப் போடுவது என்று தெரியாமல் இங்கே பன்றிக் கொழுப்பில் வேக வைத்தார்கள். மடகாஸ்கர் காய்ச்சலில் நீ செத்துவிட்டாய் என்று செய்தி வந்து, பாதிரியார் பூசையும் வைத்தாயிற்று, பிறகு நீ எழுதிய கடிதம் வந்தது. கர்னல் ஆனபோது குதிரைமேல் எடுத்த படம் அனுப்பினாய். ரொசாலியின் மதுக்கடையில் அதை மாட்டினார்கள். மாட்டு வண்டிக்காரன் வீட்டுப் பையன், அதிகாரிகள் பள்ளியில் படித்த பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் சல்யூட் அடித்து அடித்து, கடைசியில் அவர்கள் உனக்கு அடித்தார்கள். 1914-இல் உன்னை ஜெனரல் ஆக்கி, நம் மலைப் பையன்களின் ரெஜிமென்ட்டும் உன் கீழே வருகிறது என்றபோது பெண்கள் தேவாலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். நம்ம ஒனோரே இருக்கான், நம்ம பிள்ளைங்களை வீணாக்க மாட்டான் என்று சொன்னார்கள்.

படம் இப்போது ரொசாலி கடையில் இல்லை. ஆணி மட்டும் இருக்கிறது.

போன ஞாயிறு அங்கே ஃபெர்தினானைப் பிடித்தேன். லெயோன்ஸோடு ஒரே கம்பெனியில் இருந்தவன், அந்தச் சரிவில் ஒரு காலை விட்டுவிட்டு வந்தவன். அவனிடம் நேராகவே கேட்டேன்.

"ஏன்டா, நீங்கள்லாம் திரும்பி ஓடினீங்களா?"

"ஓடியிருந்தா ரெண்டு காலும் இருந்திருக்குமே, கஸ்பார் மாமா."

"அப்புறம் ஏன் அப்படி எழுதியிருக்கு?"

"எழுதினவரைக் கேளுங்க. உங்க வீட்டு ஆளுதானே."

ரொசாலி உள்ளேயிருந்து, "அவனை விடுங்க, நிம்மதியா குடிக்கட்டும்"னு சத்தம் போட்டாள். ஃபெர்தினான் கிளாஸை நகர்த்திவிட்டுச் சொன்னான்: "வேலி வரைக்கும் போனோம் மாமா. அதுல ஒரு ஓட்டைகூட இல்ல. லெயோன்ஸ் எனக்கு முன்னால இருந்தான். அவன் கையில கத்தரி இருந்துச்சு. வெட்டிக்கிட்டேதான் இருந்தான்."

லெயோன்ஸின் கடைசிக் கடிதம் என்னிடம் இருக்கிறது. 24-ஆம் தேதி எழுதினது. 'கம்பி அப்படியே இருக்கு, அப்பா. ராத்திரி ரோந்து போய்க் கையால தொட்டுப் பாத்தேன். சித்தப்பாவுக்குத் தெரியுமான்னு தெரியல.'

தெரியுமா ஒனோரே? அதை மட்டும் சொல்.

கஸ்பார்


லிமோஜ், 6 ஆகஸ்ட் 1922

அண்ணா,

தெரியும்.

24 மாலை ரோந்து அறிக்கை என் மேசைக்கு வந்தது. பென்சிலில் எழுதிய கால் தாள். 'கம்பிவேலி சேதமில்லை. முப்பதடி அகலம். கார்ப்பரல் வெர்னா.' நம் குடும்பப் பெயரை வேறொருவன் கையெழுத்தில் பார்ப்பது விநோதமாக இருந்தது. 'வெ'வை அவன் உன்னைப் போலவே கொம்பு நீட்டி எழுதுவான்.

நான் மேலே டெலிபோன் செய்தேன். எனக்கு மேலிருந்த தளபதியின் பெயரை எழுதப் போவதில்லை, அவர் இறந்துவிட்டார். பேச்சு இவ்வளவுதான்:

"கம்பி அறுபடலை."

"அறுத்தாச்சுன்னு பீரங்கிக்காரங்க சொல்றாங்களே."

"என் ஆள் கையால தொட்டுப் பார்த்திருக்கான்."

"இருட்டுல எதைத் தொட்டானோ. நாளைக்கு ஒன்பதேகாலுக்குக் கிளம்பணும், வெர்னா. உங்களால முடியலைன்னா சொல்லுங்க. முடியறவர் பக்கத்து அறையிலேயே உட்கார்ந்திருக்கார்."

முடியும் என்று சொன்னேன்.

ஏன் சொன்னாய் என்று கேட்பாய். நான் மறுத்திருந்தால் அந்தப் பக்கத்து அறைக்காரர் வந்திருப்பார், ஒன்பதேகாலுக்கு அதே பையன்கள் அதே சரிவில் ஏறியிருப்பார்கள். இது உண்மை. ஆனால் அந்த நேரத்தில் நான் யோசித்தது அது அல்ல. முப்பத்தெட்டு வருஷமாக முடியாது என்று ஒருமுறைகூடச் சொல்லாமல்தான் சார்ஜென்டிலிருந்து இங்கே வந்தேன். எனக்குச் சிபாரிசு கிடையாது, படித்த பள்ளியின் பெயர் கிடையாது. முடியும் என்ற ஒரு சொல்தான் என் மூலதனம். வாய் பழகிவிட்டது. அதுதான் வந்தது.

ஒன்று நீயும் சொல்ல வேண்டும். அந்த வருஷம் மார்ச்சில் அண்ணி எனக்கு எழுதினாள், லெயோன்ஸை என் அலுவலகத்தில் எழுத்தராக வைத்துக்கொள்ளச் சொல்லி. நான் ஆணைகூட எழுதிவிட்டேன். பத்து நாளில் உன்னிடமிருந்து வந்தது, ஒரே வரி: 'அவனை மற்ற பையன்களோடு அங்கேயே விடு.' விட்டேன். அதை நான் உன்மேல் போடவில்லை. ஆனால் இந்தக் கணக்கில் அதுவும் இருக்கிறது.

களைப்பாக இருக்கிறது. மேயருக்கு வர இயலாது என்று எழுதப் போகிறேன்.

ஒனோரே


சாம்பெலாட், 15 ஆகஸ்ட் 1922

ஒனோரே,

இன்று மாதா திருநாள். எல்லோரும் ஊர்வலத்துக்குப் போயிருக்கிறார்கள். நான் போகவில்லை.

அந்த ஒரு வரி நான் எழுதியதுதான். ஃபிலோமினுக்கு இத்தனை நாள் தெரியாது. உன் கடிதத்தை அவள்தான் முதலில் பிரித்துப் படித்தாள். படித்துவிட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "ஏன் அப்படி எழுதினீங்க?"ன்னு கேட்டாள். ஊரில் இருபது வீட்டுப் பையன் அங்கே நிற்கும்போது நம் பையன் மட்டும் சித்தப்பா நிழலில் உட்கார்ந்தால், நாளைக்கு நான் எந்த வீட்டு வாசலில் வண்டி நிறுத்துவேன் என்று சொன்னேன். நான்கு நாளாக அவள் என்னோடு பேசவில்லை. சூப் மட்டும் வைக்கிறாள்.

ஆக, நான் செய்ததை ஒப்புக்கொண்டேன். நீ டெலிபோனில் சொன்னதையும் ஒப்புக்கொண்டாய். ஆனால் நான் கேட்டது அது இல்லை. பயந்து ஒரு சொல் சொன்னாய், சரி. மனுஷன் பயப்படுவான். அவன் செத்த பிறகு இரண்டு நாள் கழித்து, மேசையில் உட்கார்ந்து, மை தொட்டு, 'எட்டும் முன்பே திரும்பியது' என்று எழுதினாயே, அது பயமா? ரோந்துத் தாள் உன் கையில் இருந்தது. அவன் எதை நோக்கிப் போகிறான் என்று அவனுக்குத் தெரியும் என்பது உனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதினாய்.

உன் பதவியைக் காப்பாற்றிக்கொள்ளவா? இதற்கு ஆம் இல்லை சொல்லிவிடு. இதற்குமேல் நான் கேட்க மாட்டேன்.

கஸ்பார்


லிமோஜ், 29 ஆகஸ்ட் 1922

அண்ணா,

இல்லை. பதவி மூன்று வாரத்தில் போய்விட்டது. என்னை இங்கே அனுப்பி, முதுகு வளைந்த குதிரைகளையும் பழைய காலணிக் கிடங்குகளையும் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். போர் முடியும்வரை அதைத்தான் பார்த்தேன். இந்த ஊரில் என்னைப் போல் இன்னும் சிலர் இருந்தார்கள். ஒரே காப்பிக்கடையில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் செய்தித்தாள் படிப்போம்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அதன் பலன் கெட்டுவிடும் என்று முதலில் நினைத்தேன். பிறகு சொல்லாமலே பழகிவிட்டது.

27 காலை மேலதிகாரி காரில் வந்தார். இறங்கவில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினார்.

"உங்க ஆளுங்க திரும்பி வந்துட்டாங்க."

"லெயோன்ஸ் கம்பெனியில" என்று வாய் தவறி வந்துவிட்டது, திருத்திக்கொண்டேன். "முதல்ல போன கம்பெனியில திரும்பி வந்தவங்க முப்பத்தொரு பேர், ஐயா. அதுல பாதி ஸ்ட்ரெச்சர்ல வந்தாங்க."

"நடந்து வந்தவங்க இருப்பாங்கல்ல. ஆறு பேரை எடுங்க. நாளைக்குக் காலைல, ரெஜிமென்ட் முன்னால வச்சு சுடணும்."

"எந்த ஆறு பேரை?"

"சீட்டுப் போடுங்க. யாரும் உங்களைப் பாரபட்சம்னு சொல்ல முடியாது."

அண்ணா, உனக்கு 1877 நினைவிருக்கும். நகர மன்றத்தில், பட்டாளத்துக்கு ஆள் எடுக்கச் சீட்டுப் போட்ட அந்த மரப் பெட்டி. நீ சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கையை உள்ளே விட்டாய். நான் ஜன்னலுக்கு வெளியே ஒரு பீப்பாய்மேல் ஏறி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்று. கெட்ட எண், ஐந்து வருஷம். அப்பா கால் முறிந்து படுத்திருந்தார், வைக்கோல் அறுக்க ஆள் இல்லை, நீ இல்லாமல் வண்டி ஓடாது. அண்ணனுக்குப் பதில் தம்பி போகலாம் என்று அப்போது சட்டம் இருந்தது. அம்மா ஒன்றும் கேட்கவில்லை, என் பக்கம் பார்த்தாள், அவ்வளவுதான். நான் உன் எண் சீட்டைத் தொப்பியில் குத்திக்கொண்டு போனேன்.

கார் கதவுக்குப் பக்கத்தில் நின்றபோது அந்தப் பெட்டிதான் கண்ணில் வந்தது. நடந்து வந்தவர்களின் பட்டியலைப் பார்த்தேன். பாதிப் பெயர் நம் மலைப் பெயர்கள். அவர்கள் அப்பாமார் எல்லோரும் அதே பெட்டியில் கை விட்டவர்கள். இன்னொரு முறை அந்தப் பெட்டியை நான் எடுத்து வைக்க முடியாது என்று தோன்றியது. முடியாது என்று சொல்லவும் எனக்குத் தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தபோது ஒன்று புரிந்தது: அவருக்கு வேண்டியது ஆறு பேர் அல்ல. தப்பு அவர் திட்டத்தில் இல்லை என்று தாளில் ஒரு வரி வேண்டும். அதை எழுதிக் கொடுத்தேன். ரெஜிமென்ட் முழுவதுமே மனம் தளர்ந்தது, எவனையும் தனியாகச் சொல்ல முடியாது. அடுத்த வரி உன் நகலில் இல்லை போலிருக்கிறது: 'இதற்குத் தளபதியான நானே பொறுப்பு.' அவர் படித்தார், மடித்துப் பையில் வைத்தார், கதவைச் சாத்தினார். ஆறு பேரைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

அந்த வரி லெயோன்ஸையும் சேர்க்கிறது என்று எழுதும்போதே தெரியும். இறந்தவனுக்கு வலிக்காது என்று நினைத்தேன். நீ இருப்பதை மறந்துவிட்டேன்.

இப்போது அதை எடுத்தால், பொய் அறிக்கை கொடுத்தவன் என்று என்னைச் சொல்வார்கள். நாற்பது வருஷம் சேர்த்ததில் மிஞ்சியிருப்பது அந்த ஒன்றுதான், பொய் சொல்லாதவன் என்ற பெயர். கிழவனிடமிருந்து அதையும் ஏன் வாங்குகிறாய்?

இன்னொன்று. உனக்காகப் போனேன் என்று நீ இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருக்கிறாய். அது முழு உண்மை இல்லை. எனக்கு அந்த வண்டியும் சாணமும் பிடிக்கவில்லை. பதினெட்டு வயது. அந்த எண் உன்னிடம் வந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன், பூசைப் புத்தகத்துக்குள்.

ஒனோரே


சாம்பெலாட், 7 செப்டம்பர் 1922

ஒனோரே,

உனக்குச் சந்தோஷம் என்று அன்றைக்கே தெரியும். பாலம் தாண்டியதும் நீ பாட ஆரம்பித்தாய். காற்று இந்தப் பக்கம் அடித்தது. அம்மா காதை மூடிக்கொண்டாள், நான் மூடவில்லை. ஆனாலும் போனது நீதான், நான் வைக்கோல் அறுத்தேன். பாடிக்கொண்டு போனாலும் போனதுதான்.

நேற்று ரொசாலி கடையில் ஃபெர்தினானுக்கு எதிரே உட்கார்ந்து அவன் சூப் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் ஸ்ட்ரெச்சரில் வந்தவன், அந்தப் பட்டியலில் இருந்திருக்க மாட்டான். ஆனால் பக்கத்து மேசையில் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்களே, ஜுல் ரூவேர், அவன் மச்சான், அந்த இரண்டு பேரும் நடந்து வந்தவர்கள். ஜுலுக்குப் போன மாதம் மூன்றாவது பெண் பிறந்தது. "என்ன கஸ்பார் மாமா, அப்படிப் பாக்கறீங்க, என் சீட்டைப் பாத்து அவங்கிட்ட சொல்லிடாதீங்க"ன்னான். சொல்ல மாட்டேன் என்றேன். சொல்லவும் இல்லை.

ஆறு பேரைக் காப்பாற்றியது சரி. அதை நான் தப்பு சொல்லமாட்டேன். ஆனால் என் மகன் பெயரைக் கொடுத்துத்தான் காப்பாற்றினாய். அவனைக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பான், அவன் அப்படிப்பட்ட பையன். அவனைக் கேட்க முடியாது. என்னைக் கேட்டிருக்கலாம். ஏழு வருஷத்தில் ஒரு நாள் கேட்டிருக்கலாம். கேட்காமல் எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். இப்போது யாரையும் யாரும் சுட முடியாது. அந்த வரி செய்ய வேண்டிய வேலையைச் செய்து முடித்துவிட்டது.

உன்னைப் பொய்யன் என்பார்கள் என்கிறாய். சொல்வார்கள். அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

இனி ஆக வேண்டியவை.

நீ பாரிஸுக்கு எழுத வேண்டும், இந்த மாதம் 15-க்குள். நீளமாக வேண்டாம். கம்பி அறுபடவில்லை என்று ரோந்து போனவன் சொன்னான், எனக்குத் தெரியும், ரெஜிமென்ட் வேலிவரை போனது, அதற்கு முன் யாரும் திரும்பவில்லை, முன்பு எழுதியது தவறு. இவ்வளவு போதும். ஆறு பேர் விஷயத்தை எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம். நகல் ஒன்று மேயருக்கு.

மேயர் அந்த நகலைக் கல்லுக்கு முன்னால் சத்தமாகப் படிக்க வேண்டும். பேச்சு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முகம் சுளித்தார், ஆனால் ஒப்புக்கொண்டார். மேடையில் உனக்குப் போட்ட நாற்காலியையும் எடுத்துவிடச் சொன்னேன். நீ கீழே நிற்க வேண்டும், குடும்பத்தோடு.

இருபத்து மூன்று பெயரையும் ஃபெர்தினான் கூப்பிடுவான். ஒவ்வொரு பெயருக்கும் பள்ளிப் பிள்ளைகள், 'பிரான்சுக்காக மாண்டார்' என்று பதில் சொல்வார்கள், வழக்கம்போல. லெயோன்ஸ் பெயர் வரும்போது பிள்ளைகள் சும்மா இருக்க வேண்டும் என்று டீச்சரிடம் சொல்லியிருக்கிறேன். அந்தப் பதிலை நீ சொல்ல வேண்டும். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. மூச்சு வாங்கினால் வாங்கட்டும், காத்திருப்போம்.

ஃபிலோமின் மாடி அறையில் வேண்டாம், கீழ் அறையில் படுக்கை போடுகிறேன் என்கிறாள், உன் மூச்சுக்காக. சனிக்கிழமைதான் என்னோடு பேசினாள், அதுவும் இதைத்தான் பேசினாள். பயறும் பன்றி இறைச்சியும் செய்வாளாம். நீ இன்னும் அதை விரும்புவாயா என்று கேட்கச் சொன்னாள்.

நான் 23-ஆம் தேதி மதியம் ரயிலடிக்கு வண்டியோடு வருவேன். பதக்கம் எதையும் போட்டுக்கொண்டு வராதே.

சீட்டை மட்டும் கொண்டு வா. அது என் எண். என்னிடம் கொடுத்துவிடு.

கஸ்பார்